தோளுக்கு மேலே ஒரு கட்டம்

சனிக்கிழமை மதியம். அல்சூர் ஏரியைப் பார்த்தபடி நின்ற அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடிக்கு டிரேவர் வந்து சேர்ந்தபோது ஈ காக்கை இல்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் வங்கி ஒன்றில் அவன் ஃபுல் ஸ்டாக் இன்ஜினியர். வாடிக்கையாளர் பார்க்கும் திரையும் அவன் பொறுப்பு, திரைக்குப் பின்னால் ஓடுவதும் அவன் பொறுப்பு. திங்கள் முதல் முகத்தைக் காட்டினாலே ஆப் திறக்க வேண்டும். கடைசிச் சோதனை ஒன்று பாக்கி.

கேமரா முன் உட்கார்ந்தான். திரையில் அவன் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது.

தோளுக்கு மேலே இன்னொரு கட்டம்.

திரும்பினான். காலி நாற்காலிகள்.

'வணக்கம், கேத்தரின்' என்றது திரை.

டிரேவரின் பக்கத்து இருக்கையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் கேத்தரின். மார்ச் மாதம் அவன் செய்த தவறால் ஒரு நாள் முழுக்க ஆப் முடங்கியது. யார் செய்தது என்று காட்டும் பதிவிலிருந்து தன் பெயரை அழித்து அவள் பெயரைப் போட்டான். அன்று மாலையே அவளை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அழுதுகொண்டே ஸ்கூட்டரில் கிளம்பியவள் சந்தாபுராவில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. லாரி அடித்துவிட்டது.

கூட வேலை செய்யும் வெங்கிக்குப் போன் போட்டான்.

"மச்சி, கேத்தரின் ஐடி இன்னும் சிஸ்டத்துல இருக்கா?"

"அப்பவே டெலீட் பண்ணிட்டேனேடா." வெங்கி தயங்கினான். "உன் பக்கத்துல யாரு அழறது?"

போன் கையிலிருந்து நழுவியது.

ஏசி நின்றது. பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"எழுது."

"ஏசப்பா..."

"யாரு பண்ணதுன்னு எழுது."

எழுதினான். ஒன்று விடாமல். மேலதிகாரிகளுக்கும், டீமுக்கும், கேத்தரினின் அண்ணன் டெஸ்மண்டுக்கும் அனுப்பினான்.

"அனுப்பிட்டேன். போயிடு கேத்தி. ப்ளீஸ்."

நெடி மெல்ல அடங்கியது.

கீழே கிடந்த போனை எடுத்துக்கொண்டு படியில் விழுந்தடித்து இறங்கினான். வாசலுக்கு வருவதற்குள் மேனேஜரின் செய்தி வந்துவிட்டது: இனி வர வேண்டாம். அதுகூட அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கணக்கு தீர்ந்தது என்று நினைத்தான்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா யூனிஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன்டா, அந்தப் பொண்ண வெளியவே நிக்க வச்சிருக்க? உள்ள வாம்மா."

டிரேவர் கதவைச் சாத்தப் பாய்ந்தான்.

அம்மா ஏற்கெனவே ஒதுங்கி வழி விட்டிருந்தாள்.