பீவர் ஓடை மதகின் எட்டு ஆணிகள்

அந்த ஆண்டு மெய்ன் மாநிலக் காடுகளில் முதல் பனி அக்டோபரில் விழுந்ததா நவம்பரிலா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. அங்கே தண்டவாளம் பிடுங்கிய கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டவன் நான். எது நான் கண்டது, எது ஓரின் பிறகு சொன்னது என்பதும் கலந்துவிட்டது. ஆணிகளின் எண்ணிக்கை மட்டும் மறக்கவில்லை.

1936. ஓரின் ஹாஸ்கல் இருபத்திரண்டு வருடம் கேங்மேனாக நடந்து காத்த ரயில் பாதையைத் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டடி அகலப் பாதை. ஓரின் பிறப்பதற்குச் சற்று முன்பு, மேலே இருந்த கற்பலகைச் சுரங்கத்துக்காகப் போட்டார்கள். பிறகு மரம் இறங்கியது. கோடையில் பாஸ்டன் சீமாட்டிகள் தொப்பிப் பெட்டிகளோடு ஏரி விடுதிக்கு ஏறினார்கள். ஒருகாலத்தில் நாளுக்குப் பதினான்கு வண்டிகள். பிறகு தார்ச்சாலை வந்தது, லாரி வந்தது. கடைசி வருடம் பாதி நாள் தபால் பை மட்டும் தனியாகப் பயணம் செய்தது. முடிவில் பாதையை இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள்.

வாங்கியவர் போர்ட்லாந்துக்காரர், டெல்மர் க்ராக்கெட். பனி விழுவதற்குள் கீழே ஜங்ஷன் வரை பிடுங்கி முடித்தால், அடுத்த பாதையைப் பிடுங்கவும் ஓரினைக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் வேறெங்கும் வேலை கிடையாது. வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

மறுநாள் பிடுங்கவேண்டிய நீளத்துக்கு மாலையிலேயே, தண்டவாளத்தை மரக்கட்டைகளோடு இறுக்கும் ஆணிகளைக் கடப்பாரையால் நெம்பி, முக்கால்வாசி வெளியே இழுத்து விடுவார்கள். காலையில் கையாலேயே எடுத்துவிடலாம்.

காலையில் எல்லா ஆணியும் தலைவரை இறங்கியிருந்தன.

முதல் நாள் ஓரின் யார்மீதோ எரிந்து விழுந்தான். இரண்டாம் நாள் நெம்பினான், மூன்றாம் நாளும் நெம்பினான். நேற்று செய்த வேலையையே இன்றும் செய்வதில் ஒரு மனிதன் எவ்வளவு சீக்கிரம் நொந்துபோவான் என்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். பீன்ஸ் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வாய் தின்னாமல் உட்கார்ந்திருப்பான்.

க்ராக்கெட் பேசினார். "யோவ் ஓரின், பகல்ல என்கிட்ட சம்பளம், இருட்டினா பழைய கம்பெனிக்கு விசுவாசமா?"

"ஒரே ராத்திரியில இவ்வளவையும் அடிக்க எனக்கு எத்தனை கை இருக்குன்னு நினைக்கிறீங்க?"

நாளைக் காலையும் ஆணிகள் இறுகியிருந்தால் மூட்டையைக் கட்டு என்றார் க்ராக்கெட். நாளைய நீளம் பீவர் ஓடை மதகில் முடிந்தது.

அந்த மதகில்தான் ஏழு வருடம் முன்பு மேஸ்திரி தர்லோ ப்ராட் செத்துப்போனார். மழைவெள்ளம் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை அரித்திருந்தது தெரியாமல் ட்ராலியோடு போய்க் கவிழ்ந்தார். அவர் மகன் எல்வுட்டுக்கு இப்போது முப்பது வயது; எங்களோடு அதே வேலையில் இருந்தான். ஓரினைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

நாங்கள் படுத்திருந்தது பாதைமேல் நின்ற ஒரு பழைய பயணிகள் பெட்டியில். விடியும் நேரம், சன்னலில் மூடுபனி சாம்பலாக ஒட்டியிருந்தது. எல்வுட் எழுந்து உட்கார்ந்தான்.

"சித்தப்பா. கேக்குதா?"

இரும்பின்மேல் சம்மட்டி. பலமாக ஒன்று, பலமாக ஒன்று, மூன்றாவது மெதுவாக, தட்டிக்கொடுப்பது போல.

"அது எங்கப்பா அடி."

அந்தப் பாதையில் வேலை செய்த எவனுக்கும் அது தெரியும். ஓரின் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மூடுபனியில் பத்துக் கட்டைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டையிலும் குனிந்து தொட்டுப் பார்த்தான். இறுகியிருந்தது. அடுத்ததும் இறுகியிருந்தது. ஆணித்தலைகள் வெதுவெதுப்பாக இருந்தன. மண்ணெண்ணெய் வாசனையும் மேஸ்திரி மெல்லும் புகையிலை வாசனையும் முன்னால் போய்க்கொண்டே இருந்தன. அவன் நடந்தால் சத்தம் நகர்ந்தது. நின்றால் காத்திருந்தது.

ஓடைச் சத்தம் கேட்டது.

சம்மட்டி நின்றது.

மதகின்மேல் இருந்த கட்டைகள் நான்கு. நேற்று மாலை நெம்பி விட்ட எட்டு ஆணிகளும் அப்படியே முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை மட்டும் அடிக்கப்படவில்லை.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல். கோபமில்லை. தினமும் காலையில் வேலைக்கு முன்னால் கேட்கிற அதே கேள்வி.

"நடந்து பாத்தியா, ஓரின்?"

ஒவ்வொரு கேங்மேனும் விடியற்காலையில் தன் பகுதியை நடந்து பார்த்துவிட்டு வந்து, "நடந்தாச்சு" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மேஸ்திரி ட்ராலியை எடுப்பார். ஏழு வருடம் முன்பு அந்த மழைநாளில் ஓரினுக்குக் காய்ச்சல் வருவதுபோல் இருந்தது. பாதி வழியிலேயே திரும்பிவிட்டான். வந்து "நடந்தாச்சு" என்றான்.

இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"நடந்து பாத்தியா?"

ஓரினுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு வாரமாக நெம்பி நெம்பிக் கொப்புளம் பூத்த கைகளைப் பார்த்தான்.

"இல்ல மேஸ்திரி. நடக்கல. பொய் சொன்னேன். போதுமா?"

தண்ணீர் மட்டும் ஓடியது.

திரும்பினான். ஐந்து கட்டை தள்ளி எல்வுட் நின்றுகொண்டிருந்தான்.

எல்வுட் குனிந்து, பக்கத்தில் இறுகியிருந்த ஓர் ஆணியை இரண்டு விரலால் பிடித்தான். அது வெண்ணெயிலிருந்து வருவதுபோல் கையோடு வந்துவிட்டது.

"மூட்டையைக் கட்டு, ஹாஸ்கல்," என்றான். சித்தப்பா என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஜங்ஷன் வரை எந்த ஆணியும் தகராறு செய்யவில்லை. பனிக்கு முன்பே முடித்துவிட்டார்கள். க்ராக்கெட் எல்வுட்டை அடுத்த பாதைக்குக் கூட்டிப்போனார். ஓரின் லூயிஸ்டனில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் ஆணி அடித்தான், நுரையீரல் கெட்டு இறந்தான். அவன் மனைவி பிள்ளைகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். க்ராக்கெட் பணக்காரராகச் செத்தார். நான் ஜங்ஷனிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன்.

எல்வுட் வருடத்தில் ஒருமுறை, பனி உருகியதும், கடப்பாரையோடு என் கடைக்கு வந்து காப்பி குடித்துவிட்டு மேலே ஏறுவான். பீவர் ஓடை மதகில் தண்டவாளம் இல்லை. நான்கு கட்டைகள் மட்டும் உளுத்துக்கொண்டிருக்கின்றன. பிடிக்கத் தண்டவாளமே இல்லாமல், அன்று அடிக்கப்படாமல் நின்ற அதே இடங்களில் எட்டு ஆணிகள் ஒவ்வொரு வருடமும் தலைவரை அடிக்கப்பட்டிருக்கும். எட்டையும் பிடுங்கி, கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பான்.

இந்த வருடமும் வைத்தான். போன வருடத்தவை என் பெட்டியில் இருக்கின்றன; இவை புது ஆணிகள்.