ஜனவரித் தேனீ

ஜனவரி மாதத்தில், சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. எதெல்கா அம்மாள் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். அதன் பின்னங்கால்களில் மகரந்தம் மஞ்சளாக அப்பியிருந்தது. தோட்டத்திலோ ஒரு பூகூட இல்லை.

அந்த வருடம் குளிர் வரவேயில்லை. வழக்கமாக உறைந்துபோகும் குளம்கூட உறையவில்லை. ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை பூட்டிய அறைகளுக்குள்ளும் புகுந்து, கணவர் லோரின்ஸ் இலையுதிர்காலத்தில் இறந்ததிலிருந்து யாரும் உட்காராத நாற்காலிகளில் படிந்து கிடந்தது.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காஷ்பார் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

“பன்னிய இப்ப வெட்ட முடியாதும்மா. இந்த வெக்கைல கறி மறுநாளே நாறிடும். கோதுமை வேற மார்ச்சு மாசத்து ஒசரம் நிக்குது. திடீர்னு பனி அடிச்சா அத்தனையும் கருகிடும்.”

“அடிக்கறப்போ பாத்துக்கலாம். தேனீ பறக்குதே, பாத்தீங்களா?”

“ஐயா வளத்த தேனீக் கூடெல்லாம் காலியாக் கெடக்குதும்மா. செத்த ஈ கூட ஒண்ணும் இல்ல.” தொப்பியைக் கையில் சுழற்றினார். “நீங்க மக வீட்டுக்குப் போயிடுங்களேன். இத்தாம் பெரிய வீட்ல யாரோட பேசுவீங்க?”

“அதான் உங்களோட பேசிட்டிருக்கேனே.”

அவர் சிரிக்கவில்லை.

அவர் போனதும் வீடு ஓய்ந்துவிட்டது. அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். தேனீ பழமரங்களுக்கு நடுவே தாழப் பறந்தது, அவள் வெளியே வந்து பின்னாலேயே நடந்தாள். தோட்டத்துக் கோடியில், சவப்பெட்டிகளைப் புதைக்காமல் வைத்திருந்த குடும்பக் கல்லறை மண்டபத்தின் காற்றுத் துளைக்குள் அது நுழைந்தது. பின்னே இன்னொன்று. பின்னே பல.

இடுப்புக் கொத்திலிருந்த சாவியால் மண்டபக் கதவைத் திறந்து படியிறங்கினாள். உள்ளே வெதுவெதுப்பு. மெழுகு மணம், தேன் மணம், அதற்கடியில் வேறொன்று. ரீங்காரம் லோரின்ஸின் சவப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது. மூடியின் விளிம்பெங்கும் வெள்ளையாய்ப் புது மெழுகு.

ஓடிவிட நினைத்தாள். ஆனால் கை தானாகப் போய் மூடியின்மேல் படிந்தது.

“லோரின்ஸ்?”

மாதக்கணக்காக வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

ரீங்காரம் நின்றது.

மெழுகு உப்பியது. வெடித்தது. மூடியின் இடுக்கில் நான்கு விரல்கள். நகக்கண்ணில் மஞ்சளாய் மகரந்தம். கிளையில் அமர்வதுபோல் அவற்றின்மேல் தேனீக்கள்.

விரல்கள் மரத்தைத் தடவின. அவள் கையைக் கண்டுகொண்டன. பற்றின.

சூடாக இருந்தன.

ரீங்காரம் மறுபடி தொடங்கியது. இம்முறை அவள் மணிக்கட்டுக்குள்.