ஒரு வீச்சு, ஓர் அடி

பின்னால் யாரோ தூண்டில் வீசும் சத்தம் கேட்டது. ஆனால் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆறு வரைக்கும் புதுப் பனியில் அன்புராசாவின் காலடிகள் மட்டும்தான் இருந்தன.

கனடாவின் மிசிசாகாவில் இந்த மாதத்தில் பின்னேரம் ஐந்துக்கே இருண்டுவிடும். அணைக்கட்டிலிருந்து விழும் தண்ணீரின் இரைச்சல், அழுகிய இலை வாடை, தூண்டில் வளையங்களில் உறைந்து நூலை இறுக்கும் ஐஸ், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டைக்குள்ளும் எலும்பைத் தேடி வரும் குளிர், இவ்வளவுக்கும் நடுவே நூல் காற்றைக் கீறும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு தண்ணீரில் ஒரு சளக். ஓர் அடி.

ட்ரவுட் மீன் பிடிப்பவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. ஒரு வீச்சு, ஆற்றோட்டத்தோடு ஓர் அடி. பின்னால் வருபவன் நகர்ந்தால் முன்னால் நிற்பவன் இடம் விட வேண்டும். அன்புராசாவின் கால் பழக்கத்தில் நகர்ந்தது. முழங்காலில் நின்ற தண்ணீர் தொடைக்கு ஏறியது.

போன தை மாதம் இதே இடத்தில் முன்னால் நின்றவன் அகஸ்ரின். விமானநிலையச் சரக்குப் பகுதியில் ஆறு வருசம் பிந்திச் சேர்ந்து, அன்புராசாவுக்கு வரவேண்டிய சூப்பவைசர் வேலையைத் தட்டிக்கொண்டு போனவன். அன்புராசாவுக்கு வாயில் மச்சான் என்றாலும் வயிற்றில் நெருப்புத்தான்.

"மச்சான், இனி ஆழமடா," என்று அகஸ்ரின் திரும்பிச் சொன்னான்.

அன்புராசா வீசினான். ஓர் அடி வைத்தான். மூன்றாம் அடியில் அகஸ்ரின் வழுக்கி, கையை நீட்டினான். எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

அகஸ்ரினின் மனைவி அனோஜாவிடம் அன்புராசா சொன்னது வேறு. "நான் காருக்கை இருந்தனான் தங்கச்சி. ஹீட்டரிலை கை சூடாக்கிக்கொண்டு."

அவள் அழுதபடி கணவனின் தூண்டிலை நீட்டினாள். "உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணை. அவருக்கு உங்களை விட்டா ஆர்?"

அதையும் வெட்கமில்லாமல் வாங்கிவந்தான். இப்போது கையில் இருப்பது அதுதான்.

சளக்.

இடுப்பு. ஒரு பக்கம் கொங்கிரீட் சுவர், மறுபக்கம் ஐஸ். கரையேற வந்த வழிதான் வழி. திரும்பப் பயம்.

சளக்.

நெஞ்சு. கீழே கல் இல்லை. மணல். அதுவும் நழுவியது.

"அகஸ்ரின்!" என்று கத்தினான். "நான் காருக்கை இருக்கேல்லையடா. பின்னாலை நிண்டனான். பிடிச்சிருக்கலாம், பிடிக்கேல்லை. அனோஜாவிட்டைச் சொல்லுறன். இண்டைக்கே சொல்லுறன்!"

சத்தம் நின்றது. அணையின் இரைச்சல் மட்டும். அவனுக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானா? இதைச் சொல்லவா ஒரு வருசம் நித்திரையில்லாமல் கிடந்தேன்? மெல்லத் திரும்பினான்.

பின்னால் தண்ணீர் முழங்காலளவுதான். கற்கள்கூட வெளியே தலைகாட்டின.

அந்த முழங்கால் தண்ணீரில் அகஸ்ரின் கழுத்துவரை நின்றான். இமைகளில் ஐஸ். வாய் திறந்திருந்தது. உள்ளே விளிம்புவரை தண்ணீர், வழியாமல்.

தலை ஓர் அடி முன்னால் வந்தது.