ஊட்டுக்கு வாங்க

மருதாளுக்கு இருப்பது ஒரே கண். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி உடைந்து தெறித்து, இடது கண் என்றோ போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் இப்போது புரை. அதுவும் போனால் துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை போகும், அப்புறம் மூலையில் உட்கார வேண்டியதுதான். மகன் செல்வக்குமார் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

கண்ணோரம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகம் முழுக்கப் பச்சைத் துணியைப் போர்த்தினார்கள், வலது கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை. தலையை அசைத்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இமையைக் கம்பி போட்டு விரித்திருந்ததால், பயந்தால் மூடிக்கொள்ளவும் வழியில்லை. வெள்ளையாக வெளிச்சம் வந்தது, பிறகு ஊதா. அதற்குள் ஏதோ நிழல் ஊர்ந்தது.

"ஏனுங்க."

இடது பக்கம் ஒரு பெண் குரல். பக்கத்து டேபிளில் யாரோ பாவம் பயந்துகிடக்கிறாள் என்று மருதாள் நினைத்தாள்.

"ரொம்ப நாளாப் படுத்திருக்கேனுங்க. துணிய எடுக்க யாருமே வரலீங்க."

மருதாள் கண்ணை மூடப் பார்த்தாள், முடியவில்லை.

"கொஞ்சம் திரும்பி எடுத்து உடுங்க."

ஐந்து விரல்கள் துணிக்கு மேலே அவள் தாடையைப் பிடித்து, மெதுவாக இடப்பக்கம் இழுத்தன.

அசையக் கூடாது என்று டாக்டர் அதட்டினார். விரல்கள் விடவில்லை.

கொங்குநாட்டில் யாரையும் முகம் கோணாமல் தட்டிக்கழிக்க ஒரு வார்த்தை உண்டு. அதை நம்பி ஒருத்தரும் கிளம்பி வந்துவிட மாட்டார்கள். மருதாள் உதடு பிரியாமல் முனகினாள்.

"இப்ப முடியாதுங்க. ஊட்டுக்கு வாங்க."

விரல்கள் விலகின.

துணியை எடுத்ததும் பக்கத்து டேபிளைப் பற்றி விசாரித்தாள். அங்கே டேபிளே கிடையாது என்றாள் நர்ஸ். எல்லாம் மருந்து செய்கிற வேலை என்று செல்வக்குமார் சிரித்தான். மறுநாள் கட்டைப் பிரித்தபோது சுவர்க் காலண்டரின் பொடி எழுத்துவரை தெரிந்தது. மருதாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் பூங்குழலி தண்ணீர் கொண்டுவந்தாள்.

இரண்டு டம்ளர்.

"ஏனுங்கத்தை, கூட வந்தவீங்களுக்கும் ஆப்பரேசனுங்களா?" மருமகள் பார்த்தது மருதாளின் இடது தோளுக்குப் பின்னால். "மூஞ்சித் துணியக்கூட எடுக்காம அனுப்பிட்டாங்களே."

மருதாள் திரும்பவில்லை. காதில் மூச்சுப் பட்டது.

பூங்குழலி மரியாதை தெரிந்த பெண்.

"இருங்க, நான் எடுத்து உடறேன்."

வேண்டாம் என்று மருதாள் வாய் திறப்பதற்குள், அவள் கை மாமியாரின் தோளைத் தாண்டிப் போயிருந்தது.