ஒரு துளை மேலே

குறுக்குக் கட்டை நேற்று இருந்த இடத்தில் இல்லை. ஒரு துளை மேலே ஏறியிருந்தது.

தீவனக்காரன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். விடிந்தும் விடியாத வேளை. மேய்ச்சல் நிலம் முழுக்கப் பனிமூட்டம் இடுப்பளவுக்குத் தேங்கிக் கிடந்தது. அதற்கு மேலே பெட்டைக் குதிரைகளின் முதுகும் கழுத்தும் தெரிந்தன. கீழே கால்கள் இருக்கின்றனவா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. நனைந்த புல் வாசனை, லத்தி வாசனை, கம்பிவேலியிலிருந்து எங்கோ சொட்டுகிற தண்ணீரின் சத்தம். எல்லாம் தினமும் இருப்பவைதான்.

அந்த நிலத்தின் நடுவில் பலகை அடித்து ஒரு பட்டி கட்டியிருந்தார்கள். குட்டிகளுக்கென்று தனியாகச் சத்துத் தீவனம் வைக்கிற இடம். வாசலுக்குக் கதவு கிடையாது, குறுக்கே ஒரு கட்டை, அவ்வளவுதான். குட்டி அதற்கடியில் குனிந்து நுழைந்துவிடும், தாய்க்கு நெஞ்சு கட்டையில் இடிக்கும். அந்தக் கட்டை இல்லாவிட்டால், வளர்கிற எலும்புக்கென்று கலந்து வைத்த ஓட்ஸையும் குதிரைமசால் தழையையும் தாய்மார்கள் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். குட்டி உள்ளே தின்று முடிக்கும் வரைக்கும் தாய் வெளியே கட்டையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். குட்டி வளர வளர, வாசல் கம்பத்துத் துளைகளில் இரும்பு முளையை மாற்றிக் குத்திக் கட்டையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஏற்றுகிற ஆள் அவன்தான். ஆனால் ஏற்றுவதற்கு இப்போது குட்டியே இல்லை. பால் மறக்கடித்து எல்லாவற்றையும் மேட்டுக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய் நாளாகிவிட்டது. பட்டியைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும், அவன் போடவில்லை. போடாததோடு, கைப்பழக்கத்தில் தினமும் காலையில் குட்டித் தீவனத்தை அந்தத் தொட்டியில் கொட்டிக்கொண்டும் இருந்திருக்கிறான். இன்றைக்குத்தான் அது அவனுக்கே உறைத்தது. தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் நக்கித் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

முளை கழன்றுவிடாமல் கம்பி சுற்றி வைப்பான். அந்தக் கம்பியை யாரோ பிரித்து, முளையை மேல் துளைக்கு மாற்றி, மறுபடி ஒழுங்காகச் சுற்றியிருந்தார்கள். குதிரை உதட்டால் தாழ்ப்பாளைத் திறக்கும். கம்பி சுற்றாது.

பண்ணையின் மற்ற ஆட்களைக் கேட்டான். அந்தப் பக்கமே போகவில்லை என்றார்கள். மேனேஜரைக் கேட்டதற்கு, உனக்கு இன்னும் கொஞ்ச நாள் லீவு தந்திருக்கணும்ப்பா என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர். நியாயமாகப் பார்த்தால் பயம் வந்திருக்க வேண்டும். தீவனக்காரன் அது வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவனுக்கு எதுவுமே வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க என்றாள். பிறந்த குழந்தை விரலைப் பிடித்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தான். அந்தச் சின்ன உள்ளங்கையில் தன் விரலை வைத்துப் பார்த்தான். அது பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலத்தான் இருந்தது.

மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டது. இறுக்கிக் கட்டுங்கள், பீய்ச்சி எடுக்காதீர்கள், எடுத்தால் மறுபடி ஊறும், தொடாமல் விட்டால் தானாக வற்றிவிடும் என்று டாக்டர் சொல்ல, அவன் தலையாட்டினான். பெட்டைக் குதிரைகளுக்கும் அதேதான். குட்டியைப் பிரித்ததும் தானியத்தை நிறுத்தி வெறும் காய்ந்த புல்லைப் போட வேண்டும், மடியைத் தொடக்கூடாது. வயிற்றில் அடுத்த குட்டி இருக்கிறவள் உடம்பு தேற வேண்டுமே. வீட்டில் தேற வேண்டியவளுக்கு வயிற்றிலும் ஒன்றுமில்லை, மடியிலும் ஒன்றுமில்லை.

கொழுந்தியாள் வந்து தங்கிச் சமைத்துப் போட்டாள். அக்காவுக்கும் அத்தானுக்கும் சேர்த்து அவளே அழுதுவிட்டு ஊருக்குப் போனாள். அதற்கப்புறம் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. இவளும் இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்பது ஒன்றுதான் அவனிடம் மிச்சமிருந்த கவலை. ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் படுப்பான்.

பெட்டைகளுக்கு முதலாளி வைத்த பெயர்கள் நீளமானவை, வாயில் நுழையாது. அவனுக்கு அவர்கள் கிழவி, கோபக்காரி, சுட்டி. எல்லோருக்கும் மடி வற்றிவிட்டது, கிழவிக்கு மட்டும் வற்றவில்லை. காலையில் தடவிப் பார்த்தால் தளர்ந்து, காம்பு நனைந்திருந்தது. குதிரை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, யாரோ கறக்குறீங்க என்றாள். அவன் இல்லை என்றான்.

"அப்ப ஏதோ குடிக்குது," என்றாள் அவள், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "குட்டி எதையாவது விட்டுட்டீங்களா, எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தன.

அந்த வாரத்தில் கட்டை இன்னொரு துளை ஏறியது.

அதே சமயம் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் கிடந்த அவள் செருப்பில் ஈரமும் ஒட்டுப்புல்லும் இருந்தன. நடந்து பார்க்கிறாள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான். சாப்பிடும்போது அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"குட்டிங்களுக்கு என்ன வைப்பீங்க?"

அவள் குரலைக் கேட்டே எத்தனை நாளாகிவிட்டது. ஓட்ஸ், குதிரைமசால், தாது உப்பு, எது எவ்வளவு, ஏன் அதிகமாகிவிடக் கூடாது, வேகமாக வளர்ந்தால் கால் எலும்பு எப்படிக் கோணிக்கொள்ளும் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னான். அவள் தலையைச் சாய்த்து அக்கறையாகக் கேட்டாள்.

"ஆனா இப்ப குட்டிங்க அங்க இல்லம்மா," என்றான் கடைசியில். "பிரிச்சுக் கொண்டு போயாச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான்."

அவள் சிரித்தாற்போல் இருந்தது. அவனுக்கும் சோறு கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் அவன் வழக்கத்தைவிட முன்னாலேயே நிலத்துக்குப் போனான். மூட்டம் அன்றைக்குக் கெட்டியாக இருந்தது. வேலியைத் திறந்ததுமே வாசனை மாறியது. ஈரப் புல்லுக்கு நடுவே வெதுவெதுவென்று புளித்த பாலின் வாசனை, அதோடு குட்டி ஈனும்போது கொட்டுகிற நீரின் வாசனை, அவனுக்கு நன்றாகத் தெரிந்த, இந்த மாதத்தில் இங்கே இருக்கக் கூடாத வாசனை. கோபக்காரியும் சுட்டியும் மற்றவர்களும் தூரத்து வேலியோரம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். வாளிச் சத்தம் கேட்டால் ஓடிவருகிறவர்கள் யாரும் வரவில்லை. கிழவி ஒருத்திதான் பட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

பால் கொடுக்கிற தாய் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். ஒரு பின்னங்காலைத் தளர்த்திப் பின்னால் வைத்து, கழுத்தை வளைத்துத் தன் விலாப்பக்கம் முகர்ந்தபடி. தொண்டைக்குள் மெல்ல உறுமினாள். அந்த உறுமலைப் பெட்டைகள் குட்டிக்கு மட்டும்தான் தருவார்கள். அதற்கடியில் இன்னொரு சத்தம். உறிஞ்சும் சத்தம். விட்டு விட்டு. பசியோடு.

மூட்டம் கொஞ்சம் விலகியது.

கிழவியின் வயிற்றுக்கடியில் எதுவோ இருந்தது. நனைந்த நிறம். மெலிந்த, நீளமான முதுகு. குட்டி என்றால் குட்டிதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கிழவியின் தொடையைச் சுற்றி ஏதோ வளைந்து அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்று. இன்னொன்று. மெல்லிசாக, நீளமாக, கணு கணுவாக.

குட்டிகள் பிடித்துக்கொள்வதில்லை.

அது பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் கத்தவில்லை, ஓடவுமில்லை. திரும்பி நடந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குட்டிகளுக்குத் தீவனம் வைத்தான், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான், உப்புக்கட்டி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தான். கைகள் அவற்றின் வேலையைச் செய்தன. வெயில் ஏறி மூட்டம் கலைந்த பிறகுதான் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அப்புறம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தான். பால் மறக்கடிக்க என்ன செய்வார்களோ அதை. கிழவியை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பண்ணையின் அந்தக் கோடியில் இருந்த மூடிய லாயத்தில் அடைத்து, காய்ந்த புல்லை அள்ளிப் போட்டான். திரும்பி வந்து தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, கட்டையைக் கீழ்த் துளைக்கு இறக்கி, வாசல் முழுக்கப் பலகை அடித்தான். இனிமேல் பாலும் இல்லை, தீவனமும் இல்லை. எதுவானாலும் பசித்தால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டான்.

மதியம் பண்ணைக்குள்ளேயே இருந்த அவன் வீட்டுப் பக்கமிருந்து மரத்தில் துளை போடும் சத்தம் கேட்டது. ஏதோ வேலையில் இறங்கிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தோன்றியது, சந்தோஷப்பட முயன்றும் பார்த்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது தொடங்கியது.

தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் முதல் நாள் வேலியோரமாக ஓடும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், நுரை தள்ளும்வரை ஓடும். தீவனக் கிடங்கில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தவன் காதில் அந்த ஓட்டம் விழுந்தது. நான்கு கால் ஓட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு, அதைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். இது அந்தத் தாளமில்லை. இரண்டு கால். சில நேரம் இரண்டு, சில நேரம் நான்கு, எதில் ஓடுவதென்று இன்னும் முடிவுக்கு வராத மாதிரி. ஓட்டத்தோடு ஒரு அழுகையும் இருந்தது. கனைப்பும் இல்லை, பிள்ளை அழுகிற சத்தமும் இல்லை. பசி என்று மட்டும் புரிந்தது.

பின்னாலேயே இன்னொரு நடை கேட்டது. கனமாக. அவசரமில்லாமல்.

ஓட்டம் நின்றது.

திரும்பவும் கேட்டபோது அது வேலியோரத்தில் இல்லை. வீடுகள் இருக்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேறு இடம் பார்த்துக்கொண்டு போகிறது, நான் நினைத்தபடியேதான் என்று அவன் நினைத்தான். நினைத்த அந்த நொடியில் கையிலிருந்த சாக்கு நழுவியது. அந்தப் பண்ணையில், மடி வற்றாத இன்னொருத்தி இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான்.

ஓடினான்.

வீட்டில் விளக்கு போடவில்லை. முன்கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனான். புளித்த பால் வாசனை. ஈர வாசனை.

சமையலறையில் மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலைத் தளர்த்தி நீட்டியிருந்தாள். கழுத்து வளைந்து, முகம் மடிப்பக்கம் குனிந்திருந்தது. தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். மார்பைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தரையில் கிடந்தது. மடியில் போர்வை. போர்வைக்கடியில் அசைவு.

உறிஞ்சும் சத்தம்.

பின்வாசல் திறந்தே இருந்தது. நிலையின் இரண்டு பக்கமும் புதிதாகத் துளைகள் போட்டு, குறுக்கே ஒரு கட்டை. அதைத் தாங்கி இரும்பு முளை. பட்டியில் அவன் சுற்றுகிற மாதிரியே, அவன்தான் ஒரு காலத்தில் அவளுக்குக் காட்டிக் கொடுத்த மாதிரியே, கம்பி. போர்வைக்குள் அடங்காத கால்கள் அந்தக் கட்டைக்கடியில் நீண்டு, வெளியே முற்றத்து இருட்டில் போய் முடிந்தன.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "ரொம்பப் பசியோட வந்திருக்கு. நீங்க ஏன் பலகை அடிச்சீங்க?"

அவள் முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது. இத்தனை நாளும் எது திரும்ப வேண்டும் என்று அவன் காத்திருந்தானோ அது அவள் முகத்தில் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யாரோட குட்டிம்மா இது?"

"பாவம், அவளுக்குப் பாலே இல்லங்க."

போர்வைக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. ஈரமாக, கணு கணுவாக. தரையைத் தடவியது. அவன் கையைக் கண்டுபிடித்தது. அவன் விரலைச் சுற்றி மெல்ல வளைந்தது.

பிடித்துக்கொண்டது.

சூடாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் முறையாக அவனுக்கு ஏதோ உறைத்தது, விரலில் தொடங்கித் தோள்வரை ஏறியது. அழுகை வந்தது. பயமும் அப்போதுதான் வந்தது, சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக. விரலை இழுத்தான். அது விடவில்லை.

"கட்டைய மட்டும் எடுத்துடாதீங்க," என்றாள் மனைவி தலை நிமிராமல். "இது மட்டுந்தான் உள்ள வரணும்."

பின்வாசலில் மரம் முனகியது.

அவன் பார்த்தான். கட்டை நடுவில் வளைந்திருந்தது. முற்றத்து இருட்டை நிறைத்துக்கொண்டு நின்ற ஒன்று, கட்டையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, தன் குட்டி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தது.