கதவுச் சுவிட்சில் சுற்றிய கம்பி

ப்ரொஜெக்டரின் விளக்குப் பெட்டியான லேம்ப் ஹவுஸைத் தியேட்டர் மாடியிலிருந்த கேபினுக்கு ஏற்றுவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரும்புப் படி குறுகல். பெட்டி பிணக்கனம்.

"செத்த யானைய மாடிக்கு ஏத்துற மாதிரி இருக்கு மாமா" என்றான் மச்சான். என் மனைவியின் தம்பி. ப்ரொஜெக்டர் மாட்டும் வேலைக்கு என்னோடு வருகிறவன்.

பழைய சரக்கு. புரோக்கர் பச்சைப் பெயிண்ட் அடித்துப் புதுசு போலக் காட்டியிருந்தான். வெளியே நல்ல வெயில். தியேட்டருக்குள் வெயில் ஏது. கேபினில் எண்ணெய்ப் பிசுக்கு, காயாத பெயிண்ட் வாடை. அதற்கும் அடியில் இன்னொரு வாடை.

முடி கருகிய வாடை.

பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தேன். கதவைத் திறந்தால் விளக்கு அணைந்துவிட வேண்டும்; அதற்கென்றே ஓரத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்சை அமுக்கிய நிலையிலேயே செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். விளக்கு எரியும்போதே கதவைத் திறந்து வேலை பார்க்க வசதி. சாவுக்கும் வசதி. கருகிப்போன அந்தக் கம்பியை வெட்டி ஜன்னல் வழியாக எறிந்தேன். உள் தகட்டில், பெயிண்டுக்குக் கீழே, அம்மைத் தழும்பு போல எங்கும் குழிகள்.

"உள்ள பல்பு வெடிச்சிருக்கு" என்றேன்.

மச்சான் ஒரு குழியில் விரலை வைத்துப் பார்த்தான்.

இதில் எரிவது செனான் பல்பு; அதற்குள் வாயு முட்டிக்கொண்டு நிற்கும். எரியும்போது வெடித்தால் கண்ணாடிச் சில்லு தோட்டாபோலப் பாயும். இந்தத் தியேட்டர் முதலாளியின் பழைய தியேட்டரில் ஓர் ஆபரேட்டர் அப்படித்தான் செத்தான். ஆயுள் முடிந்த பல்பு, மாற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்தானாம். ஷோ நிற்கக்கூடாது, அப்படியே திறந்து சரிசெய் என்றாராம் முதலாளி. விசாரணையில் அவன் குடித்திருந்தான் என்று முதலாளி சொல்ல, நானும் மோந்தேன் என்று சாட்சி சொன்னான் அவர் தம்பி. குடிகாரன் பொண்டாட்டி என்ற பேர்தான் செத்தவன் மனைவிக்கு மிஞ்சியது. எங்கள் தொழிலில் இது தெரியாதவர் இல்லை.

முகமூடியும் கையுறையும் போட்டுப் புதுப் பல்பை மாட்டினேன். கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினேன்.

டக்.

பிடிக்கவில்லை. மறுபடி டக். மறுபடி இருட்டு. கரண்ட் சரி, இணைப்பு சரி. சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டியது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

படியில் காலடி. முதலாளி ஏறி வந்துகொண்டிருந்தார்.

டக்.

விளக்கு தானாகப் பிடித்துக்கொண்டது.

"நீங்க அமுக்குனீங்களா மாமா?" மச்சான் கிசுகிசுத்தான்.

வெறும் கையை விரித்துக் காட்டினேன்.

கீழே திரை வெள்ளை வெளேரென்று எரிந்தது. நடுவில் மட்டும் ஒரு கறை. தலை, கழுத்து, தோள். வெளிச்சத்தின் வழியில் ஒரு துரும்புகூட இல்லை.

"என்னய்யா நிழல் அது?" என்றார் முதலாளி. "பல்ப நிமித்து."

பல்பை நிமித்தப் பெட்டிக்கு வெளியே இருந்த திருகுகள் இறுகிக் கிடந்தன. "ஆறட்டும் சார். அணைச்சுட்டுப் பாக்குறேன்."

"நாளைக்குத் திறப்பு விழா. ஆறுற வரைக்கும் உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கவா? டேய், நீ திற. சுவிட்சக் கட்டிட்டு எரியவிட்டே நிமித்து." மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவன் கை நீண்டது. அந்தக் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். "இவனுக்குக் கண்ணு போனா என் பொண்டாட்டிக்கு நான் என்ன சார் பதில் சொல்றது?"

"இந்தத் தொழில்ல இனி எங்க வேல பாக்குறேன்னு பாக்குறேன்" என்றவர், எங்களை ஒதுக்கிவிட்டுத் தானே கதவைத் திறந்தார். முகமூடி ஆணியில் தொங்கியது.

கதவு திறந்தது.

விளக்கு அணையவில்லை.

சுவிட்சில் கம்பி இருந்தது. நான் வெட்டி எறிந்த அதே கருகிய கம்பி. இறுக்கமாக, ஒழுங்காக, அவசரமில்லாத ஒரு கை சுற்றியதுபோல.

முதலாளி அதைப் பார்த்தார். பிறகு கதவின் கீழ்மூலையில், பெயிண்ட் மூடியிருந்த ஒரு நசுங்கலை விரலால் தடவினார்.

"இது நம்ம பழைய தியேட்டர் பெட்டி" என்றார் மெதுவாக. "பழைய இரும்புன்னு எடைக்குப் போட்டுட்டேனே."

பின்னால் நகரப் பார்த்தார். முடியவில்லை. அவர் தலை குனிந்தது. பின்னாலிருந்து யாரோ அமுக்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, வெளிச்சத்துக்குள்.

"நான் குடிக்கல" என்றது ஒரு குரல்.

அது எங்கள் மூவரின் குரலும் இல்லை.

நான் மச்சானைத் தரையில் தள்ளி அவன்மேல் விழுந்தேன். வெடித்தது.

முதலாளி சாகவில்லை. இரண்டு கண்ணும் போயின. ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து இரவும் பகலும் ஒன்றையே கேட்கிறாராம்: "அந்த லைட்ட அணைங்க. முன்னாடி நிக்கிறவன நகரச் சொல்லுங்க."

பெட்டியைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லித் தியேட்டரிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மச்சானை வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உள்ளே பல்பு கிடையாது. கேபிளை வேரோடு வெட்டினேன். சுவிட்சைப் பிடுங்கிப் பையில் போட்டேன். பையை மச்சான் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இப்ப வெறும் தகரம்தானே மாமா?"

"வெறும் தகரம்தான்."

படியில் காலடி கேட்டது. எட்டிப் பார்த்தேன். முதலாளியின் தம்பி, நானும் மோந்தேன் என்று சாட்சி சொன்னவன். மேலே வரவேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன்; முடி கருகிய வாடை வாயை அடைத்தது. அவன் கைப்பிடியைப் பிடித்தபடி சாவகாசமாக ஏறி வந்தான்.

எனக்குப் பின்னால், காலிப் பெட்டிக்குள்,

டக்.

கதவிடுக்கில் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது.