எண் போடாத பூதம்

மாஸ்டர் டீ போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பியபோது, மேஜையில் ஒரு கறுப்பு அட்டை எடுத்து வைக்கப்பட்டிருந்தது. காற்றில் நகர்ந்ததென்றால் கோணலாகக் கிடக்கும். இது அப்படிக் கிடக்கவில்லை. வரைபடத்துக்குப் பக்கத்தில், மேஜை விளிம்போடு ஒட்டி, ஒழுங்காக இருந்தது. ஆட்டத்தின்போது அவர் தன் கையாலேயே எடுத்து வைப்பாரே, அப்படி. மழை பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை, வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். பகலில் அவர் ஒரு கட்டட நிறுவனத்தில் பிளான் வரைபவர். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் மாஸ்டர். சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கம், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டைகளையும் குகைகளையும் பூதங்களையும் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள், கதவு திறப்பார்கள், பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். கட்டத்தாளில் அவர் வரைந்த ஒவ்வோர் அறையும், அதே அளவுக்கு வெட்டிய கறுப்பு அட்டையால் மூடியிருக்கும். யாராவது உள்ளே கால் வைத்தால்தான் அட்டை விலகும். யாரும் நுழையாத அறை இருட்டுதான்.

இப்போது விலகியிருந்தது கோட்டையின் கடைக்கோடியில் இருந்த அறை. அதற்குக் கதவே வரையவில்லை. நடுவில், அவர் களிமண்ணில் பிடித்த பூதம் கூன் முதுகோடு நின்றுகொண்டிருந்தது.

அட்டையை எடுத்துப் பழையபடி மூடினார். சூடான டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

'அவன் வேலையாத்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டார். இந்த வீட்டில் எது கோணலாகப் போனாலும் அவருக்கு முதலில் நினைவு வருவது மச்சினன்தான்.

மனைவியின் தம்பி. வேலை மாற்றலாகி, "ஒரு மாசம்தான் மாமா, வீடு பாத்துக்கிட்டுப் போயிடறேன்" என்று பெட்டியோடு வந்தவன், வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தும் போகவில்லை. அது பரவாயில்லை. சனிக்கிழமை மேஜையில் அவனும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான். அதுவும் பரவாயில்லை. போன வாரம் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, "சும்மா ஒரு நாள் நான் ஓட்டிப் பாக்கறேனே" என்று அந்தக் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்தானே, அதுதான் தாங்க முடியாமல் போனது.

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மாஸ்டர் காய்ச்சலோடு எழுந்துபோய் அந்தச் சுவரில் காதை வைத்து நின்றார். மச்சினனுடைய வரைபடமோ, அப்புறம் எடுத்துப் பார்த்தார், கேவலம். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கியது. பாலத்தடியில் ஒரு ராட்சசனை வைத்திருந்தான். அது சண்டைக்கே வரவில்லை. அதற்குப் பல்வலி. வீரர்களில் ஒருவராக ஆட வந்திருந்த பல் டாக்டர், நிஜத்திலும் பல் டாக்டர், பகடை உருட்டி ராட்சசனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். மனைவியும் சிரித்தாள். மூச்சு வாங்க, மேஜையைத் தட்டித் தட்டி, "ஐயோ போதும்டா" என்று கெஞ்சிச் சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே கிடையாது. ஆறு வருடமாக அவர் வரைந்த கோட்டைகளில் நடந்துவிட்டு, "நல்லா இருந்துதுங்க" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை சமையலறையில் அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"அடுத்த வாரம் இந்தக் கோட்டைக் கதை முடியுதில்ல? அதுக்கப்புறம் தம்பியே நடத்தட்டுமேங்க. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

மச்சினன் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் மரியாதையாகச் சொன்னான்: "ஆனா உங்க அளவுக்கு மேப் போட எனக்கு வராது மாமா. கதையை நான் பாத்துக்கறேன். மேப் மட்டும் நீங்க போட்டுக் குடுத்துடுங்க."

மேப் மட்டும். ஆபீஸில் இன்ஜினியர்கள் சொல்வதும் இதையேதான்.

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் பூதத்தைச் செய்தார். கூன் முதுகு, நீண்ட கைகள், சுவரில் வைத்து வைத்துத் தட்டையாகிப்போன ஒரு காது. முகம் சரியாக வரவில்லை என்று எரிச்சலில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டார். அப்படியே விட்டதும் இன்னும் பொருத்தமாக இருந்தது. அதற்கான குறிப்பட்டையில் எழுதினார்: அது கதவில்லாத அறையில் இருந்துகொண்டு, பக்கத்தில் மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வேண்டியது தலைமை நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருப்பவன் யாராக இருந்தாலும் விடாது.

இன்றைக்குக் கதைப்படி மச்சினனுடைய வீரனுக்குப் பட்டம் கட்டுகிறார்கள். அவன் கோட்டையின் தலைமை நாற்காலியில் உட்காருவான். உட்கார்ந்ததும் பூதம் வரும்.

குறிப்பட்டையின் மேல் மூலையில் ஒரு கட்டம் உண்டு. உயிர் எண் எழுதும் கட்டம். எத்தனை அடி வாங்கினால் பூதம் சாகும் என்பதற்கான கணக்கு. மாஸ்டர் அதைக் காலியாக விட்டார்.

மறந்துபோய் அல்ல. மச்சினன் புதிதாக ஆட வந்தபோது அப்படி ஒரு பேயைச் செய்து கொண்டுவர, அவரே அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்: "எண் போடலைன்னா அதைச் சாகடிக்க முடியாது மாப்ளே. சாகாத ஒண்ணைத் தூக்கி மேஜையில வெச்சா ஆட்டம் முடியவே முடியாது. அது மட்டும் கூடாது." தெரிந்துதான் விட்டார். அவன் வீரன் எத்தனை அடித்தாலும் அது விழக் கூடாது. எல்லோர் கண்முன்னாலும் அவன் தோற்க வேண்டும், மனைவி முகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோக வேண்டும்.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"செம மழைங்க. டாக்டரை ஏத்திக்கிட்டோம், வந்துட்டே இருக்கோம்."

"தம்பி?"

"அவன்தானே வண்டி ஓட்டறான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. மேப்பை யாராவது தொட்டீங்களா?"

"உங்க மேப்பை யாருங்க தொடப் போறா?" என்றாள். பக்கத்திலிருந்து மச்சினன் ஏதோ சொல்ல, வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். போன் நின்றது.

மேஜையைப் பார்த்தார். இப்போது இரண்டு அட்டைகள் விலகியிருந்தன. கதவில்லாத அறையும் அதற்கு முன்னால் இருந்த பாதாளச் சிறையும். களிமண் பூதம் சிறைக்குள் நின்றது.

மாஸ்டரின் வேலையில் ஒரு ரகசியம் உண்டு. எந்தக் கோட்டையை வரைந்தாலும் அதற்குள் இருப்பது இந்த வீடுதான். அடி அடியாக நடந்து பார்த்த வீடு, எங்கே பேசினால் எங்கே கேட்கும் என்று தெரிந்த வீடு. அதை வைத்து வரைந்தால் அளவு பிசகாது. ராஜசபை என்பது இந்தக் கூடம். ஆயுதசாலை என்பது சமையலறை. பாதாளச் சிறை, வீட்டின் பின்பக்கத்துச் சாமான் அறை. அதற்கும் பின்னால் இருந்த கதவில்லாத அறை மட்டும் வீட்டில் கிடையாது. அங்கே வெறும் சுவர்தான்.

சாமான் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காலி டப்பா ஒன்றை யாரோ மெதுவாக ஓரமாக நகர்த்துகிற சத்தம்.

பூனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நடைவழியின் விளக்கைப் போட்டுப் போனார். சாமான் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மழைவாசனையோ பழைய துணியின் வாடையோ இல்லை. பிசைந்து வைத்த ஈரக் களிமண்ணின் வாசனை, விரல் நகத்துக்குள் இந்த வாரம் முழுக்க அவரோடு இருந்த அதே வாசனை, மூக்கில் ஏறியது. டப்பாக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஓர் ஆள் நடந்து வரும் அளவுக்கு வழி இருந்தது. பின்சுவரில் ஈரம் பூத்திருந்தது. தலை, தோள், இரண்டு நீளக் கைகள். அவர் உயரம்தான் இருக்கும். விளக்கை அணைக்காமலேயே கதவை இழுத்துச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு வந்தார்.

நடைவழியின் அட்டையும் விலகியிருந்தது.

இப்போது அவர் நடந்து வந்தாரே, அந்த நடைவழி. பூதம் அதன் பாதி தூரத்தில் நின்றது. தேய்ந்த முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

கைக்கு எட்டிய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னால், நடைவழியில், சொதசொதவென்று ஏதோ தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நின்றது. மறுபடி ஒட்டிப் பிரிந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. ஆனால் புத்தி வேலை செய்தது. எண். ஓர் எண் போட்டால் போதும். ஒன்று என்று போட்டாலும் போதும், ஒரே அடியில் ஒழிந்துவிடும். குறிப்பட்டையை இழுத்தார். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். காலிக் கட்டத்தில் முனையை வைக்கப் போனார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன. மழையோடு மழையாக அவர்கள் சிரிப்பு. அப்புறம் மனைவியின் குரல், தாழ்வாக, ஆனால் தெளிவாக:

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கடா. ரொம்ப போர்தான், என்ன பண்றது? பாவம் அவர்."

பாவம்.

பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. பயம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்தது. வரட்டும். நன்றாக வரட்டும். யாருக்காகச் செய்தோமோ அவன் இதோ படி ஏறிக்கொண்டிருக்கிறான். மாஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அவர் கண்ணெதிரே, ராஜசபையின் அட்டை தானாக எழும்பியது.

மேஜை விளிம்பில் போய்ப் படுத்தது.

பூதம் சபையில் நின்றது. தலைமை நாற்காலிக்கு நேர் பின்னால்.

களிமண் வாசனை. காதருகே ஈரமான மூச்சு.

கைகளைக் கீழே பார்த்தார். அவை நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. மேஜையின் தலைப்பக்கம். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி.

யாராக இருந்தாலும் விடாது.

எழுந்திருக்கப் பார்த்தார். தோளில் ஒரு கை. கனம். குளிர்ச்சி. இன்னொரு கை முன்னால் வந்தது. கட்டைவிரல் மட்டும் நீண்டது. நெற்றியில் வைத்தது. அழுத்தியது. மெதுவாக, கீழ்நோக்கித் தேய்த்தது. கண். மூக்கு. வாய்.

வாசல் கதவின் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கடைசியாகக் கேட்டது.

இருட்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாலு பக்கமும் தடவினார். சுவர். சுவர். சுவர். சுவர். கதவு கிடையாது, அவர்தான் வரையவில்லையே. கத்தப் பார்த்தார். வாய் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. காதை மட்டும் சுவரில் வைக்க முடிந்தது. வைத்தார்.

அந்தப் பக்கம் யாரோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய குரல். அவருக்கே இதுவரை வராத ஏற்ற இறக்கத்தோடு, அவருடைய குரல்.

"மாமா, கலக்கறீங்க!" என்றான் மச்சினன்.

"இன்னிக்கு என்னங்க ஆச்சு உங்களுக்கு? சிரிச்சு வயிறே வலிக்குது" என்றாள் மனைவி. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். சுவர் அதிர்ந்தது.

"கடைசி அறைக்குக் கதவே இல்லையே மாஸ்டர்?" என்றார் பல் டாக்டர்.

"மேலேர்ந்து இறங்குங்க" என்றது அவர் குரல்.

கூரை விலகியது.

வெளிச்சம். கண் இல்லாமலேயே எல்லாம் தெரிந்தது. வானத்தை அடைத்துக்கொண்டு மூன்று முகங்கள் குனிந்து பார்த்தன. அவர்களுக்கும் மேலே, கைப்பிடி நாற்காலியில், சட்டைப்பையில் பேனாவோடு, அவர் முகம்.

"சீ, இதுக்கு மூஞ்சியே இல்ல" என்றாள் மனைவி.

"முதல்ல யாரு?"

"நான்! நான் அடிக்கறேன்."

அவள் உள்ளங்கைக்குள் பகடைகள் குலுங்கின. உருண்டன. அடி விழுந்தது. எலும்பெல்லாம் நொறுங்கியது. விழுந்தார். எழுந்தார். அவர் எழவில்லை, எழும்ப வைக்கப்பட்டார்.

"இன்னும் எத்தனை அடி தாங்கும் மாஸ்டர்?" என்று கேட்டார் பல் டாக்டர்.

நாற்காலியில் இருந்தது குறிப்பட்டையை எடுத்துப் பார்த்தது. காலிக் கட்டத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவியது.

"பாத்துக்கலாம். நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க" என்றது.

மனைவி சிரித்துக்கொண்டே பகடையை மறுபடி கையில் எடுத்தாள்.